ஆம்பள மூளை, பொம்பள மூளை: பெத்தவங்களும் பசங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பத்தாவது ரிசல்ட் வந்துட்டா போதும், கடலூர்லயும் சரி பாண்டிச்சேரிலயும் சரி, வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான், பையனுக்கு எந்த குரூப்பு, பொண்ணுக்கு எந்த குரூப்பு. நான் மஞ்சக்குப்பத்துல பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்குறேன், நரம்பு மண்டலம் பாடம் வந்தா பசங்க கேக்குற கேள்வியும் அட்மிஷன் நேரத்துல பெத்தவங்க கேக்குற கேள்வியும் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிக்கும். வாட்ஸ்அப்ல வர்றத வச்சு புள்ளைங்க வாழ்க்கைய முடிவு பண்றத பாத்து மனசு ஆறாமத்தான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், உங்களுக்கு வேணுங்குற கேள்விய மட்டும்கூட படிக்கலாம்.

மிஸ், சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஆம்பள மூளைக்கும் பொம்பள மூளைக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

இருக்கு. ஆனா "சராசரி"ங்குற வார்த்தைய விட்டுட்டு அத சொல்லவே கூடாது.

நிறைய பேர டெஸ்ட் பண்ணி சராசரி எடுத்தா, ஒரு உருவத்த மனசுக்குள்ளயே திருப்பிப் பாக்குற வேலைல ஆம்பளைங்க கொஞ்சம் முன்னாடி இருக்காங்க, கேட்ட வார்த்தைங்கள ஞாபகம் வச்சு திருப்பிச் சொல்றது, ஒரு எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தைங்கள கடகடன்னு சொல்றது, அடுத்தவங்க முகத்த பாத்து மனசுல இருக்கறத கண்டுபிடிக்கிறது, இதுலல்லாம் பொம்பளைங்க கொஞ்சம் முன்னாடி. மத்த முக்கால்வாசி விஷயத்துல ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒண்ணுதான். 2005ல ஜேனட் ஹைட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், அதுவரைக்கும் வந்த 46 பெரிய தொகுப்பு ஆய்வுகள ஒண்ணா வச்சு பாத்தாங்க, அதுல இருந்த வித்தியாசங்கள்ல 78 சதவீதம் ஒண்ணு ரொம்ப சின்னது, இல்லன்னா இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்கு இருந்துச்சு.

"கொஞ்சம் முன்னாடி"ன்னா எவ்வளவுன்னு புரியணும்னா உயரத்த வச்சு பாருங்க. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட்ல கண்ண மூடிக்கிட்டு ஒரு ஆம்பளையையும் ஒரு பொம்பளையையும் கூப்பிட்டு நிக்க வச்சா, 100 தடவைல சுமார் 90 தடவ ஆம்பள உயரமா இருப்பாரு. உருவத்த சுத்திப் பாக்குற டெஸ்ட்டுதான் இருக்கறதுலயே பெரிய வித்தியாசம் காட்டுற டெஸ்ட்டுங்கள்ல ஒண்ணு, அதுலயே அந்த கணக்கு 64, 65 தடவதான் வரும், மீதி 35 தடவ அந்த பொம்பளைதான் ஜெயிப்பாங்க. அப்போ உங்க எதிர்ல நிக்கிற பொண்ணு அந்த 35ல இருக்காளா இல்லையான்னு அவ பொண்ணுங்குறத மட்டும் வச்சு எப்படி சொல்லுவீங்க?

ஆம்பளைக்கு மூளை பெருசுன்னு பாடப் புக்குலயே இருக்கே?

பெருசுதான், சராசரியா ஒரு 10 சதவீதம். கிராம்ல சொன்னா ஆம்பளைக்கு 1350 பக்கம், பொம்பளைக்கு 1200க்கு கொஞ்சம் மேல. ஒடம்பு பெருசா இருக்கறது இதுக்கு ஒரு முக்கிய காரணம். எடைதான் அறிவுன்னா யானைக்கு கிட்டத்தட்ட 5 கிலோ மூளை இருக்கு, அதுக்கு என்ன சொல்றது.

19ஆம் நூற்றாண்டுல இத வச்சுத்தான் பொம்பளைங்களுக்கு காலேஜ் கதவ சாத்துனாங்க. ஜெர்மனில பிஷாஃப்னு ஒரு உடற்கூறு பேராசிரியர், பொம்பளைங்க மூளை எடை கம்மி அதனால அவங்க டாக்டர் படிப்புக்கு லாயக்கில்லன்னு அடிச்சு பேசுனவரு. அவரு செத்தப்புறம் அவரு மூளைய எடுத்து நிறுத்துனா 1245 கிராம், அவரே பொம்பளைங்களுக்குன்னு சொன்ன சராசரியவிட கம்மி. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் மூளை 2000 கிராமுக்கு மேல, நோபல் பரிசு வாங்குன ஃபிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் ஃபிரான்ஸ் மூளை 1000 கிராம் பக்கம்தான், ஐன்ஸ்டைன் மூளை 1230. இதுல எத வச்சு யார நீங்க மட்டம் தட்ட முடியும்? பாண்டிச்சேரில தெருவுக்கு தெரு அந்த காலத்து ஃபிரெஞ்சு பேரு பாக்குறோம், அதே ஃபிரான்ஸ்ல பால் ப்ரோக்கா மாதிரி மூளைல பேச்சுக்கான இடத்தயே கண்டுபிடிச்ச பெரிய ஆளும் இந்த எடை கணக்குல மயங்கித்தான் போனாரு. பெரிய சயின்டிஸ்ட் சொல்லிட்டாருன்னு அப்படியே தலையாட்டக் கூடாதுங்குறதுக்கு நான் கிளாஸ்ல எப்பவும் இதத்தான் சொல்லுவேன்.

பொதுவான ஐக்யூன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் சராசரில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் கிடையாது.

சைஸ விடுங்க, உள்ள வயரிங் வேறன்னு சொல்றாங்களே?

இதுல சண்டை இன்னும் ஓயல, அதனால கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

1982ல ஒரு கட்டுரை வந்துச்சு, மூளையோட ரெண்டு பாதிய இணைக்கிற நரம்புக் கட்டு இருக்குல்ல, கார்பஸ் கலோசம், அது பொம்பளைங்களுக்கு பின்பக்கம் தடிப்பா இருக்கு, அதனாலதான் அவங்களுக்கு ரெண்டு பக்கமும் சேந்து வேல செய்யுதுன்னு உலகம் பூரா பரவிடுச்சு. அவங்க பாத்தது மொத்தமே 14 மூளை, 9 ஆம்பள 5 பொம்பள. 1997ல 49 ஆய்வுகள சேத்து பாத்தப்ப அந்த வித்தியாசம் நிக்கல. ஆனா மொத செய்தி போன வேகத்துல ரெண்டாவது செய்தி எந்த ஊருக்கும் போய் சேரல, இன்னிக்கும் ஃபார்வேர்டு மெசேஜ்ல வர்றது அந்த 14 மூளை கதைதான்.

அப்புறம் 2013 கடைசில பென்சில்வேனியா யுனிவர்சிட்டிலேந்து ஒண்ணு வந்துச்சு, 8 வயசுலேந்து 22 வயசு வரைக்கும் 949 பேரு, ஆம்பள பசங்களுக்கு ஒரே பாதிக்குள்ள முன்ன பின்ன இணைப்பு ஜாஸ்தி, பொண்ணுங்களுக்கு ரெண்டு பாதிக்கும் குறுக்க இணைப்பு ஜாஸ்தின்னு. இது பெரிய ஆய்வுதான், ஒதுக்கிட முடியாது. ஆனா பெரிய மூளை சின்ன மூளைங்குற வித்தியாசத்துலயே இணைப்போட அமைப்பு மாறும், அத எவ்வளவு கழிச்சீங்கன்னு மத்தவங்க கேட்டாங்க, நியாயமான கேள்வி. 2018ல பிரிட்டன்ல 5216 பேரோட ஸ்கேன வச்சு பாத்தாங்க, ஆம்பளைங்களுக்கு மூளை அளவு ஜாஸ்தி, பொம்பளைங்களுக்கு மேல்பட்டையோட தடிமன் சராசரில கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ரெண்டு கூட்டமும் நல்லா கலந்து கெடக்குதுன்னு வந்துச்சு. 2021ல லீஸ் எலியட்டும் அவங்க கூட இருக்கவங்களும் 30 வருஷ ஆய்வ அலசி, மொத்த அளவ கழிச்சிட்டா மிச்சம் இருக்கற வித்தியாசம் 1 சதவீதம் பக்கம்தான்னு எழுதுனாங்க.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது இஸ்ரேல்ல டாஃப்னா ஜோயல் 2015ல செஞ்சது. 1400க்கு மேல ஸ்கேன். ஆம்பளைங்களுக்கு அதிகமா இருக்கற அம்சம் எது, பொம்பளைங்களுக்கு அதிகமா இருக்கற அம்சம் எதுன்னு பிரிச்சு வச்சுட்டு, ஒவ்வொரு தனி மூளைலயும் அது எல்லாமே ஒரே பக்கம் நிக்குதான்னு தேடுனாங்க. எந்த டேட்டாவ எடுத்தாலும் அப்படி முழுசா ஒரே பக்கம் நின்ன மூளை 8 சதவீதத்த தாண்டல. மீதி எல்லாம் கலவை, ஒரு இடம் இந்தப் பக்கம் இன்னொரு இடம் அந்தப் பக்கம்.

ஆனா ஒரு பக்க நியாயம் மட்டும் சொன்னா அது தப்பு. 2024ல ஸ்டான்ஃபோர்டுல வினோத் மேனன் குழு, 20லேந்து 35 வயசு ஆளுங்க மூளை சும்மா இருக்கும்போது எப்படி இயங்குதுன்னு எடுத்த ஸ்கேன ஏஐக்கு குடுத்து, இது ஆணா பெண்ணான்னு 90 சதவீதத்துக்கு மேல சரியா சொல்ல வச்சாங்க. அப்போ வித்தியாசமே இல்ல எல்லாம் சமூகம் கட்டுன கதன்னு சொல்றதும் நிக்காது. மெஷின் ஆயிரக்கணக்கான சின்ன சின்ன வித்தியாசத்த ஒண்ணா கூட்டி பாக்குது, கூட்டுனா அடையாளம் தெரியுது. அடையாளம் தெரியறது வேற, அந்த ஆளால என்ன படிக்க முடியும்னு தெரியறது வேற. இன்னொண்ணு, 25 வயசு மூளைல தெரியறது பொறப்புலேந்தே இருந்துச்சா, 25 வருஷ வாழ்க்கை அப்படி ஆக்குச்சான்னு ஒரு ஸ்கேனால சொல்ல முடியாது. லண்டன்ல டாக்ஸி டிரைவருங்க தெருவெல்லாம் மனப்பாடம் பண்ணி பண்ணி அவங்க மூளைல ஞாபகத்துக்கும் வழி தெரியறதுக்கும் உதவுற ஹிப்போகேம்பஸோட பின்பகுதி பெருசாயிருந்தத 2000த்துலயே காட்டிட்டாங்க. மூளை செய்யற வேலைக்கு ஏத்த மாதிரி மாறுற உறுப்பு.

பொண்ணுங்க வலது மூளை, பசங்க இடது மூளைன்னு ஒரு டிரெயினிங்ல சொன்னாங்க?

இல்லீங்க. ரெண்டு பாதியும் எல்லாருக்கும் வேல செய்யுது. பேசும்போது ஆம்பளைக்கு இடது பக்கம் மட்டும் பொம்பளைக்கு ரெண்டு பக்கமும்னு 1995ல 19 ஆம்பள 19 பொம்பளைய வச்சு ஒண்ணு வந்துச்சு, 2004ல நிறைய ஆய்வுகள சேத்து பாத்தப்ப அப்படி ஒண்ணும் தெரியல.

எல்லாம் ஹார்மோன் வேலதான?

ஒரு பங்கு நிச்சயமா. ஒய் குரோமோசோம்ல எஸ்ஆர்ஒய்னு ஒரு ஜீன், 1990ல கண்டுபிடிச்சாங்க, அதுதான் கருவுல விதைப்பை உண்டாக்குது, அப்புறம் டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோன் சுரந்து மூளைக்கும் போகுது. 1959லயே கினிப்பன்னிய வச்சு காட்டிட்டாங்க, கர்ப்பத்துல இருக்கும்போதே டெஸ்டோஸ்டிரோன் குடுத்தா பொறக்குற பெண் குட்டிங்க வளந்தப்புறம் நடந்துக்கிற விதம் மாறுது.

மனுஷங்கள்ல அப்படி ஊசி போட்டு பாக்க முடியாது, ஆனா சில பெண் குழந்தைங்களுக்கு பொறவிலயே அட்ரினல் சுரப்பி கோளாறுனால வயித்துல இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அதிகமா போயிருக்கும். அந்த குழந்தைங்க காரு, லாரி, பில்டிங் பிளாக்குன்னு பசங்க வெளையாடுறத அதிகமா விரும்புறது திரும்பத் திரும்ப பல ஆய்வுல வந்துருக்கு. அதனால ஆசை, விருப்பம்னு வரும்போது ஹார்மோனுக்கு பங்கு இருக்குன்னு நான் ஒத்துக்குறேன். திறமைனு வரும்போது அதே குழந்தைங்ககிட்ட அவ்வளவு தெளிவா எதுவும் வரல. விருப்பத்தையும் திறமையையும் நம்ம ஆளுங்க ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுதான் பாதி பிரச்சனை. அப்புறம், காரு புடிச்சவன் காரோடயே வெளையாடி வெளையாடி அதுல இன்னும் கெட்டியாவான், அப்போ ஹார்மோன் எங்க முடியுது பழக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னு கத்தி வச்சு அறுக்க முடியாது.

பொம்பள புள்ளைக்கு மேக்ஸ் வராது, அதனால காமர்ஸ் போட்டுடலாம்னு வீட்ல சொல்றாங்க. சரியா?

தப்பு, தயவு செஞ்சு இத பண்ணாதீங்க.

2008ல அமெரிக்காவுல 10 மாநிலத்து ஸ்கூல் டெஸ்ட் மார்க்க எடுத்தாங்க, 70 லட்சம் புள்ளைங்க, ரெண்டாவதுலேந்து பதினொண்ணாவது வரைக்கும், மேக்ஸ்ல பையன் பொண்ணு சராசரில வித்தியாசம் இல்ல. 2022ல பீசான்னு 15 வயசு புள்ளைங்களுக்கு உலக அளவுல நடக்குற பரீட்சைல, பணக்கார நாடுகளோட சராசரில மேக்ஸ்ல பசங்க 9 பாயின்ட் முன்னாடி, படிச்சு புரிஞ்சுக்கிறதுல பொண்ணுங்க 24 பாயின்ட் முன்னாடி. இந்தியா அதுல கலந்துக்கல. ஆனா நம்ம பிளஸ் டூ ரிசல்ட்ட பாருங்களேன், வருஷா வருஷம் பேப்பர்ல அதே தலைப்புதான, 2024ல பொண்ணுங்க 96.44 சதவீதம் பாஸ், பசங்க 92.37. பரீட்சை மார்க்குல உழைப்பும் ஒழுக்கமும் சேந்துதான் வருது, திறமை மட்டும் இல்ல, அது எனக்கும் தெரியும், ஆனா "வராது"ன்னு சொல்றவங்க இதுக்கு ஒரு பதில் சொல்லணும்ல.

இன்னொரு வாதம் சொல்லுவாங்க, சராசரி ஒண்ணா இருக்கலாம் ஆனா உச்சாணிக் கொம்புல இருக்கறது பசங்கதான்னு. அதுல கொஞ்சம் விஷயம் இருக்கு, பசங்க மார்க்கு மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் அதிகமா பரவுது. 1980கள் தொடக்கத்துல அமெரிக்காவுல 13 வயசு ஆகாத புள்ளைங்களுக்கு காலேஜ் நுழைவு மேக்ஸ் டெஸ்ட்ட வச்சப்ப, 700க்கு மேல எடுத்தவங்கள்ல 13 பசங்களுக்கு 1 பொண்ணுதான் இருந்துச்சு. இத வச்சு என்னென்னமோ எழுதுனாங்க. அடுத்த இருவது முப்பது வருஷத்துல அதே கணக்கு ஏறக்குறைய 4க்கு 1ன்னு எறங்கிடுச்சு. இருவது வருஷத்துல ஜீன் மாறுமா? மாறுனது பொண்ணுங்களுக்கு கெடச்ச டீச்சிங்கும் வீட்டுல இருந்த நெனப்பும்தான்.

முதுநகர் துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்குற அம்மாங்கள ஒருநாள் போய் பாருங்க. கூடை விலை, ஐஸ் காசு, ஆட்டோ காசு, யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் வாயிலயே போட்டு முடிச்சிருவாங்க, அதுவும் ஏலம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே. அவங்கள்ல பல பேருக்கு பள்ளிக்கூடம் போக வாய்ப்பே கெடைக்கல.

குரூப்பு எடுக்கும்போது பாக்க வேண்டியது உங்க பொண்ணோட எட்டாவது, ஒம்பதாவது, பத்தாவது மேக்ஸ் பேப்பருங்க, அவளுக்கு அதுல ஆச இருக்கா, தப்பு பண்ணா திரும்ப போட்டு பாக்குறாளா, இதுதான். காமர்ஸ் நல்ல குரூப்புதான், புடிச்சு எடுத்தா தாராளமா எடுக்கட்டும். பயந்து எடுக்கக் கூடாது.

சரி, ஆனா வழி கண்டுபிடிக்கிறதுல, வண்டி பார்க் பண்றதுல பொம்பளைங்க வீக்குதான?

சராசரில வித்தியாசம் இருக்குன்னு மேலயே சொன்னேன். 1971ல ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் கட்டம் கட்டமா ஒட்டுன ரெண்டு உருவப் படத்த காட்டி, இத திருப்புனா அது வருமான்னு கேக்குற டெஸ்ட்ட கொண்டு வந்தாங்க, அதுலதான் இந்த இடைவெளி தெளிவா வருது, நிறைய நாட்டுல வந்துருக்கு. நான் இத மறைக்கல.

இது எந்த அளவுக்கு அசையுதுன்னும் பாருங்க. 2007ல கனடாவுல 10 மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆட வச்சாங்க, ரெண்டு பேருக்கும் முன்னேற்றம், பொண்ணுங்களுக்கு அதிக முன்னேற்றம், இடைவெளி நல்லாவே சுருங்கிடுச்சு. நம்ம நாட்டுலயே ஒண்ணு நடந்துச்சு, 2011ல வெளிவந்துச்சு, மேகாலயா பக்கம் காசி மக்கள்னு இருக்காங்க, அவங்க வழக்கத்துல சொத்து பொண்ணுக்கு, கடைசி மகளுக்கு போகும், பக்கத்துலயே கர்பி மக்கள், அங்க சொத்து பையனுக்கு. ரெண்டு கூட்டத்துலயும் ஏறக்குறைய 1300 பேருக்கு ஒரு சின்ன புதிர் கட்டைய குடுத்து சேக்க சொன்னாங்க. கர்பி மக்கள்ல ஆம்பளைங்க வேகமா முடிச்சாங்க, காசி மக்கள்ல வித்தியாசமே இல்ல. சொத்து யாருக்கு, படிப்பு யாருக்கு, வீட்ல யாரு பேச்சு எடுபடும், இதெல்லாம் கட்டைய திருப்புற விரல் வரைக்கும் எறங்குது.

சீ ஹீரோ குவெஸ்ட்னு ஒரு மொபைல் கேம், டிமென்ஷியாங்குற மறதி நோய் ஆராய்ச்சிக்காக 2016ல விட்டாங்க, படகு ஓட்டி வழி கண்டுபிடிக்கணும். 57 நாட்டுலேந்து 5 லட்சத்துக்கு மேல ஆளுங்களோட ஆட்டத்த அலசுனாங்க. ஆம்பளைங்க சராசரில முன்னாடிதான், ஆனா ஆண் பெண் சமத்துவம் கம்மியா இருக்கற நாட்டுல இடைவெளி பெருசு, சமத்துவம் அதிகமா இருக்கற நாட்டுல இடைவெளி சின்னது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எட்டாவது படிக்கிற பையன் சைக்கிள எடுத்துக்கிட்டு தேவனாம்பட்டினம் பீச் வரைக்கும் தனியா போய்ட்டு வர்றான், சந்து பொந்தெல்லாம் தெரியுது, அதே வயசு பொண்ணு எங்க போனாலும் அப்பா பின்னாடி வண்டில உக்காந்துதான் போறா. பத்து வருஷம் இப்படி வளத்துட்டு பொண்ணுக்கு வழி தெரியலன்னு மூளைய குத்தம் சொன்னா எப்படி? பாண்டிச்சேரில காலைல பாத்தீங்கன்னா ஸ்கூட்டி ஓட்டிக்கிட்டு பொண்ணுங்க லாஸ்பேட்டைலேந்து முத்தியால்பேட்டை, அங்கேந்து காலாப்பட்டு யுனிவர்சிட்டி வரைக்கும் போறாங்க, அவங்ககிட்ட யாரும் வழி சொல்லிக் குடுக்க வேண்டாம்.

கோலத்த பத்தி சொல்லாம இத முடிக்க முடியாது, எனக்கு இதுல தனி ஆதங்கமே உண்டு. மார்கழில சிக்குக் கோலம் போடுறவங்கள கவனிங்க, 15 புள்ளி 8 வரைக்கும் ஊடுபுள்ளின்னு வச்சுட்டு, ஒரு பக்கம் போட்ட வளைவ மனசுக்குள்ளயே திருப்பி அடுத்த பக்கம் போடுறாங்க, அப்புறம் அடுத்த பக்கம், கோடு எங்கயும் அறாம ஆரம்பிச்ச புள்ளிக்கே வந்து முடியுது. அந்த உருவம் சுத்துற டெஸ்ட்டு எத அளக்குதோ அதத்தான் இவங்க விடியக்காலைல பனில குனிஞ்சு நின்னு தரைல செய்றாங்க. 1970கள்ல சென்னை கிறிஸ்டியன் காலேஜ்ல கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்த வச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இலக்கணக் கோட்பாடே எழுதுனாங்க, அந்த மூணு பேர்ல ரெண்டு பேரு பொம்பளைங்க. இத நம்ம வீட்ல யாரும் கணக்குன்னோ திறமைன்னோ சொல்றதில்ல, "பொண்ணுக்கு கோலம் நல்லா வரும்"னு சொல்லிட்டு விட்டுர்றோம்.

பொம்பளைங்க ஒரு நாளைக்கு 20,000 வார்த்த பேசுவாங்க, ஆம்பளைங்க 7,000னு...

அது ஆதாரம் இல்லாம ஒரு புக்குலேந்து கெளம்புன நம்பர். 2007ல அமெரிக்காவுலயும் மெக்சிகோவுலயும் 396 காலேஜ் பசங்க ஒடம்புல ரெக்கார்டர் மாட்டி எண்ணுனாங்க, பொண்ணுங்க 16,215, பசங்க 15,669, அவ்வளவுதான். பிற்பாடு இன்னும் பெரிசா செஞ்சப்ப 25லேந்து 64 வயசுல மட்டும் பொம்பளைங்க ஒரு 3,000 வார்த்த கூட பேசுனாங்க, மத்த வயசுல பெருசா இல்ல. புள்ள வளக்குற வயசு அதுதான, புள்ளைங்ககூட யாரு பேசுறாங்கன்னு யோசிச்சு பாருங்க.

மல்டிடாஸ்கிங், அதாவது ஒரே நேரத்துல பல வேல செய்றது, பொம்பளைங்களுக்குத்தான் நல்லா வரும்னு சொல்றாங்களே?

2019ல ஜெர்மனில 48 ஆம்பள 48 பொம்பளைக்கு ஒரே டெஸ்ட் வச்சாங்க, ஒரே நேரத்துல ரெண்டு வேல, மாத்தி மாத்தி ரெண்டு வேல, ரெண்டுலயும் ரெண்டு பேருமே திணறுனாங்க, வித்தியாசம் இல்ல. குக்கர் விசில எண்ணிக்கிட்டே புள்ளைக்கு ஜட பின்னிக்கிட்டே ஃபோன்ல பேசுறது பொறவி வரம் கெடையாது, வேற ஆளு கை குடுக்காததால வந்த பழக்கம். "உனக்கு மூளையே அப்படி"ன்னு புகழ்ந்து அந்த வேலைய அவங்க தலைலயே கட்டாதீங்க.

பையன் ரெண்டு வயசு ஆகியும் சரியா பேசல, "ஆம்பள புள்ள லேட்டாத்தான் பேசும்"னு பாட்டி சொல்றாங்க, விடலாமா?

விடாதீங்க. பொண்ணுங்க சராசரியா ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி பேச ஆரம்பிக்கிறது உண்மதான், ஆனா அது மாசக் கணக்கு, வருஷக் கணக்கு இல்ல. ரெண்டு வயசுல "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி ரெண்டு வார்த்த சேக்கலன்னா காது டெஸ்ட் பண்ணுங்க, ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிலயோ கவர்மென்ட் ஆஸ்பத்திரில குழந்தைங்க டாக்டர்கிட்டயோ காட்டுங்க. திக்குறது, எழுத்து படிக்க தடுமாறுறது, ஆட்டிசம், இதெல்லாம் பசங்ககிட்ட அதிகமா வருது, அதனால "ஆம்பள புள்ள"ன்னு தள்ளிப் போடுறது அவனுக்குத்தான் நஷ்டம்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. ஆட்டிசம் 4 பசங்களுக்கு 1 பொண்ணுன்னு சொல்லுவாங்க, ஆனா வீடு வீடா தேடி டெஸ்ட் பண்ணா 3க்கு 1ன்னு வருது, அதாவது பொண்ணுங்கள நாம கவனிக்காமலே விட்டுர்றோம். அமைதியா மூலைல உக்காந்து ஒரே வேலைய செஞ்சுக்கிட்டு இருக்கற பொண்ண "அடக்கமான புள்ள"ன்னு சொல்லிர்றோம். கவனக் குறைவு பிரச்சனையும் அப்படித்தான், ஓடி ஆடி கலாட்டா பண்ற பையன் கண்ணுக்கு தெரியறான், ஜன்னல பாத்துக்கிட்டு கனவு காணுற பொண்ணு தெரியறதில்ல.

பீரியட்ஸ் நேரத்துல பரீட்ச எழுதுனா மூளை வேல செய்யாதா?

செய்யும். மாதவிடாய் சுழற்சில யோசிக்கிற திறன் ஏறி எறங்குதான்னு நிறைய பாத்துட்டாங்க, நம்பி சொல்ற மாதிரி ஒண்ணும் வரல. வலி இருந்தா கவனம் செதறும், அதுக்கு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திர வாங்கிக்கலாம். நான் அதவிட கவலப்படுறது ரத்த சோகைய பத்தி, 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல இந்தியாவுல 15லேந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு இருக்கு, ஆம்பளைங்களுக்கு 25. இரும்புச்சத்து இல்லன்னா களைப்பு, கவனம் நிக்காது, படிச்சது தங்காது. ஸ்கூல்ல குடுக்குற இரும்புச்சத்து மாத்திரைய பொண்ணுங்க பையில போட்டு வச்சுட்டு வீட்ல குப்பைல போடுதுங்க, அத பாருங்க முதல்ல.

கர்ப்பமா இருந்தப்பலேந்து மறதி, மெனோபாஸ்ல இன்னும் மோசம். மூளை கொறைஞ்சிடுச்சா?

ஸ்பெயின்ல 25 பொம்பளைங்கள மொத கர்ப்பத்துக்கு முன்னாடியும் குழந்த பொறந்தப்புறமும் ஸ்கேன் எடுத்தாங்க, 2016 கடைசில வந்துச்சு. அடுத்தவங்க மனச புரிஞ்சுக்க உதவுற பகுதிங்கள்ல கிரே மேட்டர், அதாவது நரம்பு செல்லுங்க இருக்கற சாம்பல் நெற பகுதி, கொறஞ்சிருந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சும் அப்படியே பெரும்பாலும் இருந்துச்சு. பயப்படாதீங்க, ஞாபக சக்தி டெஸ்ட்டுல எந்த எறக்கமும் இல்ல. அந்த இடங்க குழந்தைக்காக தன்ன சீரமைச்சுக்குதுன்னுதான் அவங்க நெனைக்கிறாங்க, வாலிப வயசுல மூளை தேவையில்லாத இணைப்ப கழிச்சுக்குற மாதிரி. மெனோபாஸ் நேரத்துல வர்ற மறதி நெஜம், பொய்யா சொல்றாங்கன்னு நெனைக்காதீங்க, தூக்கம் கெடுறது, ஒடம்பு குப்புன்னு சூடாகுறது எல்லாம் சேந்து அப்படி ஆகுது, பல பேருக்கு அந்த கட்டம் தாண்டுனா சரியாகிடுது.

இவ்வளவு சின்ன வித்தியாசம்னா, இத ஏன் ஆராய்ச்சி பண்ணணும்?

வைத்தியத்துக்காக. இங்கதான் ஆண் பெண் வித்தியாசத்த யாரும் சீரியஸா எடுத்துக்காம விட்டாங்க. அமெரிக்காவுல அல்சைமர் வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பொம்பளைங்க, அதிக வயசு வாழ்றது ஒரு காரணம். டிப்ரஷன் பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, பார்க்கின்சன் ஆம்பளைங்களுக்கு ஏறக்குறைய ஒன்றர மடங்கு. ஆனா நரம்பியல்ல ஆண் மட்டும் இல்லன்னா பெண் மட்டும்னு மிருகங்கள வச்சு செஞ்ச ஆய்வுங்கள்ல, பெண்ண வச்சு ஒண்ணுன்னா ஆண வச்சு அஞ்சரங்குற கணக்குல இருந்துச்சுன்னு 2011ல எண்ணி சொன்னாங்க. சோல்பிடெம்னு தூக்க மாத்திர இருக்கு, பொம்பளைங்க ரத்தத்துல அது காலைல வரைக்கும் அதிகமா தங்குது, வண்டி ஓட்டுனா ஆபத்து, அது தெரிஞ்சு அமெரிக்காவுல 2013லதான் பொம்பளைங்க டோஸ 10 மில்லிகிராம்லேந்து 5ஆ பாதியாக்குனாங்க. மாத்திர மார்க்கெட்டுக்கு வந்து இருவது வருஷத்துக்கு அப்புறம். கணக்கு வராதுன்னு சொல்றதுக்கு மட்டும் மூளை வித்தியாசத்த தேடுன உலகம், மருந்து அளவுக்கு அத தேடலங்குறது எனக்கு கோவம் வர்ற விஷயம்.

விரல் ரேகைய ஸ்கேன் பண்ணி எந்த மூளை, எந்த குரூப்புன்னு ரிப்போர்ட் தர்றாங்க, எடுக்கலாமா?

எடுக்காதீங்க, அதுக்கு அறிவியல் அடிப்படையே இல்லன்னு இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிக்கை குடுத்துருக்கு. அந்த காசுக்கு நல்ல புக்கு வாங்கிக் குடுங்க. எம்ஆர்ஐயும் அப்படித்தான், கட்டி இருக்கா ரத்தக் கசிவு இருக்கான்னு சொல்லும், இன்ஜினியரிங் வருமான்னு சொல்லாது.

பொண்ணு மெக்கானிக்கல்தான் வேணும்னு நிக்கிறா, டிராயிங் பேப்பர்ல மாட்டிக்குவாளோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயம், ஏன்னா முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல நிறைய பேரு, பசங்களும் சேத்துத்தான், தடுமாறுறாங்க. ஆனா இது பழகுனா வர்ற விஷயம்னு ஆதாரத்தோட சொல்ல முடியும். அமெரிக்காவுல மிச்சிகன் டெக்ல ஷெரில் சோர்பினு ஒரு பேராசிரியை, 1993லேந்து, உருவத்த சுத்திப் பாக்குற டெஸ்ட்டுல கம்மியா எடுத்த முதல் வருஷ புள்ளைங்களுக்கு தனியா ஒரு கோர்ஸ் நடத்துனாங்க, கைல கட்டைய வச்சு திருப்பி பாத்து பென்சில்ல வரையறது, அவ்வளவுதான் அடிப்படை. அந்த கோர்ஸ எடுத்த பொண்ணுங்க டெஸ்ட்டுல ஏறுனாங்க, அடுத்தடுத்த பாடத்துலயும் நல்ல மார்க்கு, படிப்ப பாதில விடுறதும் கொறஞ்சுது.

காலேஜ் தொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல, வீட்ல சோப்பு டப்பா, தீப்பெட்டி, பழைய மர பிளாக்கு எது இருந்தாலும் எடுத்து நாலஞ்சா அடுக்கி, மேலேந்து பாத்தா எப்படி, முன்னாடிலேந்து எப்படி, பக்கவாட்டுல எப்படின்னு மூணு படம் வரைய சொல்லுங்க, அப்புறம் அடுக்குனத கலைச்சுட்டு அந்த மூணு படத்த மட்டும் வச்சு திரும்ப அடுக்க சொல்லுங்க. தெனம் அரை மணி நேரம் போதும். தம்பி இருந்தா அவனையும் கூட உக்கார வைங்க.